அமெரிக்காவில் பாத மருத்துவம் படிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

போடியாட்ரி எனப்படும் பாத மருத்துவம் அமெரிக்காவில் எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) முடித்தபின் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பிரிவு அன்று. முதல் நாளிலிருந்தே தனிக் கல்லூரி, தனிப் பட்டம், தனி உரிமம் என்று பிரிந்து செல்லும் பாதை அது. இளங்கலைக்குப் பின் 4 ஆண்டுகள் படித்து டி.பி.எம். எனப்படும் பாத மருத்துவப் பட்டம் பெற வேண்டும். அதற்குப் பின் மருத்துவமனையில் 3 ஆண்டுகள் ரெசிடென்சி, அதாவது சம்பளத்துடன் கூடிய பயிற்சி, முடிக்க வேண்டும். (நம் மருத்துவர்களிடம் டி.பி.எம். என்றால் மனநல மருத்துவ டிப்ளமோ என்றே புரிந்துகொள்வார்கள். எழுத்துகள் மட்டுமே ஒன்று.) இந்த 7 ஆண்டுகளின் முடிவில் கையில் இருப்பது கணுக்காலுக்குக் கீழேயும் அதைச் சுற்றியும் மருந்தும் கத்தியும் எடுக்கும் அதிகாரம். அதை வைத்துக்கொண்டு இதயத்துக்கோ கண்ணுக்கோ மாற முடியாது. படிப்பின் நடுவில் மனம் மாறி எம்.டி. படிக்க விரும்பினால், பெரும்பாலும் முதலாமாண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

இந்தப் படிப்பைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். அது தவறான கேள்வி அன்று. ஆனால் தனியாகக் கேட்டால் பயன் தராது. எவ்வளவு கடனோடு வெளியே வருகிறோம், முதல் வேலையை யாரிடம் எந்த ஒப்பந்தத்தில் ஏற்கிறோம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சம்பளத்துக்குப் பொருள் உண்டு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைகின்றன.

முதல் படி: வேலையை நேரில் பாருங்கள்

விண்ணப்பத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு பாத மருத்துவரின் சிகிச்சை அறையில் சில நாட்களாவது நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் இந்த அனுபவத்தையும், பாத மருத்துவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தையும் எதிர்பார்க்கின்றன. ஆனால் கடிதத்துக்காக மட்டும் போகாதீர்கள்.

அங்கே என்ன நடக்கும் என்பதற்கு ஒரு காட்சி. நீண்டநாள் நீரிழிவு நோயாளி ஒருவர் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருப்பார். மருத்துவர் 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையைப் பெருவிரலின் அடியில் தொட்டு அழுத்துவார். தொடுவது தெரிந்தால் நோயாளி சொல்ல வேண்டும். குதிகாலில் சொல்வார்; விரல்களின் அடியில் தொடும்போது பேச்சே வராது, ஏனென்றால் அங்கே உணர்வு போய்விட்டிருக்கும். அந்த இடத்தில் தடித்துப்போன தோலை மருத்துவர் கத்தியால் மெல்ல மெல்லச் சீவி எடுக்கும்போது, கீழே நோயாளிக்கே தெரியாத ஒரு புண் வெளிப்படும். வலி இல்லாததால் அவர் வாரக்கணக்கில் அதன் மேலேயே நடந்திருப்பார். புண்ணைச் சுத்தம் செய்து, அழுத்தம் படாமல் கட்டுப்போட்டு, இரத்த ஓட்டத்தைச் சோதித்து, ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொல்லி அனுப்புவார்கள். அடுத்த அறையில் உள்வளர்ந்த நகம். அதற்கடுத்து ஓட்டப்பந்தய வீரரின் குதிகால் வலி. வாரத்தில் ஓரிரு நாள் அறுவை அரங்கு.

நகமும் புண்ணும் காய்ப்பும்தான் அன்றாடம். எலும்பு முறிவும் கணுக்கால் சீரமைப்பும் எல்லோருக்கும் எல்லா வாரமும் வருவதில்லை. ஒரு காலை இழக்காமல் காப்பாற்றுவதில் நிறைவு காண்பவருக்கு இது மிக நல்ல தொழில். எம்.டி. இடம் கிடைக்காத ஏமாற்றத்தில் இரண்டாம் தேர்வாக வருபவருக்கு, அந்த மூன்றாவது நகத்திலேயே சலிப்பு தொடங்கிவிடும்.

இரண்டாம் படி: தகுதியும் விண்ணப்பமும்

இதை நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றில் ஆய்வகத்துடன் கூடிய பாடங்களும், ஆங்கிலமும் முடித்திருக்க வேண்டும். விதிப்படி 90 செமஸ்டர் மணிநேரம் போதும் என்றாலும் சேருபவர்களில் பெரும்பாலோர் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களே. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுத வேண்டும். இங்கே சேருபவர்களின் சராசரி எம்கேட் மதிப்பெண் 500-க்குச் சற்றுக் கீழே இருப்பதால், எம்.டி. கல்லூரிகளை விட நுழைவு எளிது. நுழைவு எளிது என்பதால் படிப்பும் எளிது என்று எண்ணிவிட வேண்டாம். பல கல்லூரிகளில் முதல் இரண்டு ஆண்டுகளின் அடிப்படை மருத்துவப் பாடங்களை எம்.டி. மாணவர்களோடு அல்லது அதற்கு இணையான ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டமான டி.ஓ. படிப்பவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்துதான் படிக்க வேண்டும். இடறி விழுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு ஆண்டுகளில்தான் விழுகிறார்கள். விழுந்தாலும் வாங்கிய கடன் அப்படியே நிற்கும்.

அமெரிக்கா முழுவதற்கும் பாத மருத்துவக் கல்லூரிகள் மொத்தம் 11 தான். நியூயார்க், சிகாகோ அருகிலுள்ள ஷோல், ஓஹாயோவில் கென்ட் ஸ்டேட், ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள், கலிஃபோர்னியாவில் சாமுவேல் மெரிட் ஆகியவை நூறாண்டு மரபு கொண்டவையோ அதை ஒட்டிய வரலாறு உடையவையோ ஆகும். டெக்சாஸின் ரியோ கிராண்டே வேலி பல்கலைக்கழகக் கல்லூரி 2022-இல்தான் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் ஒரே மைய விண்ணப்பம். இடங்கள் நிரம்ப நிரம்பச் சேர்க்கை நடப்பதால் முன்கூட்டியே அனுப்புபவருக்கு இடமும் உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் மூன்று எண்களைத் தேடுங்கள்: சேர்ந்தவர்களில் 4 ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் எத்தனை விழுக்காடு, தேசிய உரிமத் தேர்வின் முதல் பகுதியை முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் எத்தனை விழுக்காடு, ரெசிடென்சி கிடைத்தவர்கள் எத்தனை விழுக்காடு. இவற்றில் முதல் எண்ணே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரெசிடென்சி விழுக்காடு நூறை ஒட்டி இருப்பதாகப் பெருமை பேசும் கல்லூரியில், சேர்ந்தவர்களில் கணிசமானோர் பட்டம் வரை வரவே இல்லை என்றால், அந்த நூறுக்கு மதிப்பு குறைவு.

மூன்றாம் படி: செலவை முழுதாகக் கூட்டுங்கள்

பெரும்பாலான கல்லூரிகளில் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 40,000 முதல் 60,000 டாலர் வரை இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்த மாநிலத்தில் வசிப்பவருக்குக் குறையலாம். இதோடு வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு, போக்குவரத்து என்று ஆண்டுக்கு இன்னொரு 25,000 டாலரையாவது சேர்க்க வேண்டும். பெருநகரமானால் அதுவும் போதாது. ஆகவே ஆண்டுக்கு 65,000 முதல் 85,000 டாலர் என்றும், 4 ஆண்டுகளுக்கு 2.6 லட்சம் முதல் 3.4 லட்சம் டாலர் என்றும் எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்த மதிப்பீடு.

கட்டண அட்டவணையில் கண்ணில் படாத செலவுகள் சில உண்டு. உரிமத் தேர்வின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டணம். நான்காம் ஆண்டில் ரெசிடென்சி தேடி வெவ்வேறு ஊர் மருத்துவமனைகளில் மாதம் ஒன்றாகப் பயிற்சிக்குச் செல்ல வேண்டும்; சொந்த ஊரில் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கும் தங்குமிடத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பின்பு நேர்காணல் பயணங்கள். இந்த ஓராண்டுக்கென்று தனியே ஒரு தொகையை ஒதுக்காதவர்கள் கடைசியில் கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சமாளிக்கிறார்கள். கடன்களிலேயே வட்டி கொடியது அதுதான்.

பாத மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் முன்பைவிடக் குறைந்திருக்கிறார்கள். எனவே நல்ல மதிப்பெண்ணோடு வரும் மாணவருக்குப் பேரம் பேசும் வலு இருக்கிறது. இரண்டு மூன்று கல்லூரிகளில் இடம் பெற்று, ஒன்று அளித்த உதவித்தொகைக் கடிதத்தை மற்றொன்றிடம் காட்டி மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. உதவித்தொகை 4 ஆண்டுக்கும் தொடருமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கடனின் புதிய விதிகள்

பழைய தகவல்களை நம்பிப் பலர் ஏமாறப் போவது இந்த இடத்தில்தான். முன்பு மத்திய அரசின் கிராட் பிளஸ் கடன், கல்லூரி மதிப்பிட்ட முழுச் செலவு வரை கிடைத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிராட் பிளஸ் இல்லை. தொழில்முறைப் பட்டம் படிப்பவர் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் வரைதான் மத்திய அரசுக் கடன் பெற முடியும். பாத மருத்துவம் அந்தத் தொழில்முறைப் பட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. சாதாரண முதுகலை மாணவருக்கான வரம்பு இதைவிட மிகக் குறைவு என்பதால் இது ஆறுதலான செய்தியே. ஆனாலும் மேலே போட்ட கணக்கின்படி ஆண்டுக்கு 15,000 முதல் 35,000 டாலர் வரை துண்டு விழுகிறது. அதைத் தனியார் வங்கிக் கடன், உதவித்தொகை, குடும்பச் சேமிப்பு இவற்றால்தான் நிரப்ப வேண்டும். தேவை உள்ள மாணவருக்கு 5 விழுக்காடு வட்டியில், படிக்கும் காலத்தில் வட்டியே ஏறாமல் தரப்படும் சுகாதாரத் தொழில் மாணவர் கடனும் உண்டு. அதைக் கல்லூரியின் நிதி அலுவலகத்தில் கேட்டால்தான் சொல்வார்கள்.

வட்டி எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் 4 ஆண்டுகள், வட்டி சுமார் 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டுக் கடனுக்கு 4 ஆண்டு வட்டி, இரண்டாம் ஆண்டுக் கடனுக்கு 3 ஆண்டு வட்டி என்று கூட்டினால் பட்டமளிப்பு நாளில் வட்டி மட்டும் 40,000 டாலர். ரெசிடென்சியின் 3 ஆண்டுகளிலும் ஒன்றும் கட்டாமல் விட்டால் மேலும் 48,000. வட்டிக்கு வட்டி சேர்க்காமலேயே 2 லட்சம் டாலர் 2.88 லட்சமாகி நிற்கிறது. அதை 10 ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 3,500 டாலர் வேண்டும். 25 ஆண்டுக்கு நீட்டினால் மாதம் 2,200 போதும்; ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தமாகச் செலுத்தியது 6 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இதிலிருந்து தப்ப ஒரு நேர்வழி இருக்கிறது. ரெசிடென்சியில் சேர்ந்தவுடன் கடனை ஒத்திவைக்காமல், வருமானத்துக்கு ஏற்பக் கட்டும் திட்டத்தில் சேர்ந்துவிட வேண்டும். 2026-இல் நடைமுறைக்கு வரும் புதிய திட்டத்தில், ஆண்டுக்கு 65,000 டாலர் வருமானம் உள்ள ரெசிடென்ட் அதில் 6 விழுக்காட்டை, அதாவது மாதம் 325 டாலர் கட்டினால் போதும். அந்தத் தவணைக்கு மேல் எஞ்சும் வட்டி தள்ளுபடியாகிறது. பணிபுரியும் மருத்துவமனை லாப நோக்கற்றதாகவோ அரசினுடையதாகவோ இருந்தால், அந்த ஒவ்வொரு மாதமும் பொதுச் சேவைக் கடன் தள்ளுபடிக்கு வேண்டிய 120 தவணைகளில் ஒன்றாக எண்ணப்படும். ரெசிடென்சியில் 36 தவணை. பிறகு இத்தகைய மருத்துவமனையிலேயே 7 ஆண்டு வேலை. மீதிக் கடன் வரியின்றி ரத்தாகும். இதைத் தெரியாமல் 3 ஆண்டுகளை ஒத்திவைப்பில் கழித்துவிட்டுப் பின்னால் வருந்துவோர் உண்டு. அதே வேளையில் தனியார் வங்கிக் கடனுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. ஆகவே எந்தக் கடனை எவ்வளவு வாங்குகிறோம் என்பது, பின்னாளில் எங்கே வேலை செய்ய முடியும் என்பதையே தீர்மானித்துவிடுகிறது.

ஐந்தாம் படி: ரெசிடென்சி

ஏறத்தாழ பத்தாண்டுக்கு முன்பு பட்டம் பெற்றவர்களுக்குப் போதிய ரெசிடென்சி இடங்கள் இல்லாத ஒரு நெருக்கடி வந்தது. உரிமம் பெற வழியின்றிக் கடனோடு நின்றவர்களின் கதைகள் இன்றும் விண்ணப்பதாரர்களை அச்சுறுத்துகின்றன. இன்று நிலைமை தலைகீழ். பட்டதாரிகளைவிட இடங்கள் அதிகம். எனவே இடம் கிடைக்குமா என்பதைக் காட்டிலும் எப்படிப்பட்ட இடம் என்பதே கேள்வி. அறுவை எண்ணிக்கையும் வகையும் நிறைந்த இடத்தில் பயின்றவருக்கும், நாள் முழுவதும் புண் கட்டிக்கொண்டே 3 ஆண்டுகளைக் கழித்தவருக்கும் பட்டம் ஒன்றுதான், சந்தை மதிப்பு ஒன்றன்று. பின்பாதமும் கணுக்காலும் சேர்ந்த சீரமைப்பு அறுவைப் பயிற்சி உள்ள இடங்களையே தேடுங்கள். அது இல்லாமல் மருத்துவமனைகளும் எலும்பு மருத்துவக் குழுக்களும் வேலைக்கு எடுப்பது கடினம். ரெசிடென்சியில் சம்பளம் ஊரைப் பொறுத்து ஆண்டுக்கு 60,000 முதல் 70,000 டாலர் அளவில் இருக்கும்.

ஆறாம் படி: முதல் ஒப்பந்தம்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகளில் பாத மருத்துவரின் இடைநிலை ஊதியம் 1.4 லட்சத்துக்கும் 1.55 லட்சத்துக்கும் இடையே இருந்து வருகிறது. வேலைவாய்ப்பு வளர்ச்சி சராசரியைவிட மெதுவாகவே இருக்கும் என்றும் அது கணிக்கிறது. இந்த ஒற்றை எண்ணுக்குள் இரண்டு வேறு உலகங்கள் கலந்திருக்கின்றன. மருத்துவமனையிலோ எலும்பு மருத்துவக் குழுவிலோ சேருபவர் 2 லட்சத்தைத் தாண்டுவது அரிதன்று. தனியார் கிளினிக்கில் அசோசியேட்டாக, அதாவது உரிமையாளரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் மருத்துவராக, சேரும் புதியவர் 1 லட்சத்தை ஒட்டித் தொடங்குவதும் அரிதன்று. புதியவர்களுக்கு எளிதாகக் கிடைப்பது இரண்டாவதுதான்.

அந்த அசோசியேட் ஒப்பந்தத்தை வாக்கியம் வாக்கியமாகப் படிக்க வேண்டும். பொதுவாக ஓர் அடிப்படைச் சம்பளமும், வசூலில் ஒரு பங்கும் இருக்கும். உதாரணமாக, அடிப்படை 1.2 லட்சம், அதன் மூன்று மடங்கான 3.6 லட்சத்துக்கு மேல் வசூலாவதில் 30 விழுக்காடு உங்களுக்கு. ஆண்டில் உங்கள் சிகிச்சைக்கு 4.5 லட்சம் வசூலானால் ஊக்கத்தொகை 27,000, மொத்தம் 1.47 லட்சம். காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இங்கே எண்ணப்படுவது நீங்கள் அனுப்பிய பில் தொகை அன்று, காப்பீட்டு நிறுவனம் உண்மையில் கொடுத்த பணம். காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலில் புதிய மருத்துவரின் பெயர் ஏறவே மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அதுவரை உங்கள் நோயாளிகளுக்கான பணம் முழுதாக வராது. ஆகவே முதல் ஆண்டில் அந்த 3.6 லட்சத்தை எட்டாமலே போகலாம். வசூல் கணக்கேட்டை நீங்களே பார்க்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதப்படவில்லை என்றால் அந்த 30 விழுக்காடு வெறும் வாய்ச்சொல்தான்.

இன்னும் இரண்டு பிரிவுகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, வேலையை விட்டபின் குறிப்பிட்ட தொலைவுக்குள் குறிப்பிட்ட காலம் தொழில் செய்யக் கூடாது என்ற தடை. மற்றொன்று, மருத்துவப் பிழைக் காப்பீடு. வழக்குத் தொடுக்கப்படும் நாளில் பாலிசி நடப்பில் இருந்தால்தான் பொறுப்பேற்கும் வகைக் காப்பீடு என்றால், வேலை மாறும்போது, பழைய சிகிச்சைக்காகப் பின்னால் வரும் வழக்குகளுக்கான பின்தொடர் காப்பீட்டுக்குப் பல ஆயிரம் டாலர் தனியே கட்ட வேண்டும். அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தம் பேசாமல் இருந்தால், நீங்கள்தான் கட்டுவீர்கள் என்று பொருள். மருத்துவர் ஒப்பந்தங்களில் பழகிய வழக்கறிஞருக்கு ஒருமுறை கொடுக்கும் கட்டணத்தை நான் செலவாகவே கருதமாட்டேன்.

இனி இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வையுங்கள். 1.2 லட்சம் சம்பளத்தில் வரிகள் போக மாதம் கைக்கு வருவது ஏறத்தாழ 7,000 முதல் 7,700 டாலர். 10 ஆண்டுத் தவணையான 3,500 அதில் பாதியை விழுங்கும். அதே கடனோடு லாப நோக்கற்ற மருத்துவமனையில் 2 லட்சம் சம்பளத்தில் சேர்ந்தவர், சம்பளம் கூடியதால் வருமானத்தில் 10 விழுக்காடாக உயர்ந்த தவணையாக மாதம் சுமார் 1,670 டாலரைக் கட்டிக்கொண்டு, ரெசிடென்சியிலேயே தவணையைத் தொடங்கியிருந்தால் 7 ஆண்டில் தள்ளுபடி பெற்று வெளியேறிவிடலாம். பட்டம் ஒன்று, கடன் ஒன்று, வாழ்க்கை வேறு.

முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளையும் இந்த இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018-இல் நிறைவேறிய சட்டம் ஒன்று அங்கே பணிபுரியும் பாத மருத்துவர்களை எம்.டி. மருத்துவர்களின் ஊதியக் கட்டமைப்புக்குள் கொண்டுவந்தது. சில பணியிடங்களுக்குக் கல்விக்கடனைத் திருப்பித் தரும் திட்டமும் இருக்கிறது. புகழ் அதிகம் இல்லாவிட்டாலும் கடனோடு வருபவருக்கு இது சிறந்த இடங்களுள் ஒன்று என்பது என் கருத்து.

ஏழாம் படி: மாநிலமும் காப்பீடும்

அமெரிக்காவில் சுமார் 3.8 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. மூத்தோர் தொகையும் கூடிவருகிறது. ஆகவே நோயாளிகளுக்குப் பஞ்சம் வராது. ஆனால் நோயாளி இருப்பதும் அவருக்கான பணம் வருவதும் ஒன்றன்று. முதியோருக்கான மெடிகேர் பாத மருத்துவரை மருத்துவராக ஏற்றாலும், நகம் வெட்டுதல், காய்ப்பு நீக்குதல் போன்ற வழக்கமான பாதப் பராமரிப்புக்கு, நீரிழிவு போன்ற நோய் உடன் இல்லாவிட்டால் பணம் தராது. ஏழைகளுக்கான மெடிகெய்டில் பாத மருத்துவத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். நிதி நெருக்கடியில் வெட்டப்படுபவற்றில் இதுவும் முன்வரிசையில் நிற்கும்.

எதுவரை அறுவை செய்யலாம் என்பதையும் மாநிலச் சட்டமே வகுக்கிறது. சில மாநிலங்களில் கணுக்கால் முழுதும் உங்கள் எல்லைக்குள். சிலவற்றில் வரம்புகள் உண்டு. நியூயார்க்கிலேயே கணுக்காலைத் தொடச் சட்டம் வழிவிட்டது 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான். கணுக்கால் அறுவையில் 3 ஆண்டு பயிற்சி பெற்றபின் அதை அனுமதிக்காத ஊரில் வீடு பார்ப்பதில் பயனில்லை. ரெசிடென்சியின் இரண்டாம் ஆண்டிலேயே, செல்ல விரும்பும் மாநில உரிம வாரியத்தின் வரையறையைப் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து மாணவர் விசாவில் வருபவருக்கு மேலே சொன்ன கடன் திட்டங்கள் எதுவும் பொருந்தாது. மத்திய அரசுக் கடன் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் வேறு சில தகுதிப் பிரிவினருக்கும் மட்டுமே. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டியிருக்கும். எம்.பி.பி.எஸ். முடித்தவரும் பெரும்பாலும் முதலாமாண்டிலிருந்தே படிக்க வேண்டியிருக்கும். ரெசிடென்சி மருத்துவமனை வேலை விசாவுக்கு ஆதரவளிக்குமா என்பதை நான்காம் ஆண்டில் அன்று, விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரியிடம் கேளுங்கள். கடந்த சில ஆண்டுகளில் விசா மாணவர்கள் எத்தனை பேர், எந்தெந்த மருத்துவமனைகளில் இடம் பெற்றார்கள் என்ற பட்டியலையும் சேர்த்தே கேளுங்கள்.